சிக்கன் சாசேஜ், மசாலா சிக்கன், உப்புக்கண்டம்: விற்பனைக்கு முன்னாடி எந்த நுண்ணுயிர் டெஸ்ட், எத்தனை பாக்கெட்?

பல்லடம்_குளிர்கறி

வணக்கம். சின்ன யூனிட்தான், ஒரு நாளைக்கு 120 முதல் 150 கிலோ ஓடும். மூணு சரக்கு போடறோம்.

சிக்கன் சாசேஜ்: வேகவச்சு, தோலுரிச்சு, வேக்குவம் பேக். 0–4 டிகிரியில வச்சு விக்கிறது, லேபிள்ல 21 நாள்.

மசாலா தடவின பச்சை சிக்கன்: தயிர், எலுமிச்சை, இஞ்சி பூண்டு, பட்டை கிராம்பு. மைனஸ் 18-ல உறைஞ்சு போகுது.

ஆட்டுக்கறி உப்புக்கண்டம்: நூல்ல கோத்து வெயில்ல காயவச்சது, சாதா ரூம்ல வச்சே விக்கலாம்னு போடறோம்.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா லேப் ரிப்போர்ட் எடுத்து எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) போர்ட்டல்ல ஏத்தறது நடந்துட்டிருக்கு. இப்ப ஒரு சூப்பர் மார்க்கெட் "பேட்ச் வாரியா ரிப்போர்ட் வேணும்"னு கேக்கறாங்க. எனக்குத் தெரிய வேண்டியது:

எந்தச் சரக்குக்கு எந்தக் கிருமி? ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பாக்கெட் அனுப்பணும்? ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சரக்கைப் பிடிச்சு வைக்கணுமா? அப்புறம், மசாலா சிக்கன்ல ஒரே பேட்ச்சை ரெண்டு லேபுக்கு அனுப்பினதுல மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை ஒண்ணுல கிராமுக்கு 90,000, இன்னொண்ணுல 14 லட்சம். எதை நம்பறது?

---

அகார்_தட்டு

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான விடை பெரும்பாலும் ரிப்போர்ட்டின் "முறை" என்ற கட்டத்திலேயே இருக்கும். இரண்டு தாளிலும் தட்டை (கிருமியை வளர்த்து எண்ணும் அகார் தட்டு) எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் வைத்தார்கள், சாம்பிள் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று பாருங்கள்.

மொத்த எண்ணிக்கைக்கான சர்வதேசத் தரமுறை ஐ.எஸ்.ஓ. 4833-1 சொல்வது 30 டிகிரி, 72 மணி நேரம். இன்னும் பழைய பழக்கத்தில் 37 டிகிரியில் 48 மணி நேரம் வைக்கும் இடங்கள் உண்டு. குளிரில் வைத்த கோழி இறைச்சியில் பெருகுவது பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற குளிர்விரும்பிகள். அவற்றில் பலவும் 37-இல் ஒழுங்காக வளராது, 30-இல் வளரும். போதாததற்கு ஒரு லேபுக்கு உறைந்த பாக்கெட்டும் இன்னொன்றுக்கு உறையாத பாக்கெட்டும் போயிருந்தால், உறைந்ததில் ஒரு பகுதி கிருமி செத்தோ அடிபட்டோ இருக்கும். இவை இரண்டும் சேர்ந்தால் பதினைந்து மடங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். அதே முறை, அதே நிலை என்றாலும்கூடத் தட்டு எண்ணிக்கையில் மூன்று மடங்கு வரை ஏற்ற இறக்கம் இருக்கும். ஒரு லட்சமும் மூன்று லட்சமும் என் கணக்கில் ஒரே எண்தான்.

உங்கள் மசாலாவில் தயிர் இருக்கிறது. தயிரின் லாக்டிக் பாக்டீரியாவும் அந்தத் தட்டில் எண்ணப்படும். மிளகாய், மிளகு, மஞ்சள் தூளில் ஸ்போர் (வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் வித்து) விடும் கிருமிகள் ஏராளம். ஆகவே மசாலா சிக்கனின் மொத்த எண்ணிக்கை கறியின் தரத்தைச் சொல்லாது. மசாலா தடவும் முன் கறியை ஒரு முறை, மசாலா விழுதைத் தனியாக ஒரு முறை எண்ணிப் பார்த்தால்தான் எது எங்கிருந்து வருகிறது என்று புரியும். தடவிய பிறகு பார்க்க வேண்டியவை ஈ.கோலையும் சால்மொனெல்லாவும்.

இப்போது "எத்தனை பாக்கெட்". எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அட்டவணை இரண்டு விதம். ஒன்று செய்முறைச் சுகாதார அளவுகோல், மற்றொன்று உணவுப் பாதுகாப்பு அளவுகோல். முதலாவது தவறினால் உங்கள் செய்முறையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது தவறினால் அந்தப் பேட்ச் வெளியே போகவே கூடாது. இரண்டிலும் நான்கு எழுத்து வரும்: என், சி, சின்ன எம், பெரிய எம். எத்தனை பாக்கெட் எடுக்க வேண்டும் என்பது என். நல்லது என்பதற்கான வரம்பு சின்ன எம். தாண்டவே கூடாத வரம்பு பெரிய எம். இரண்டுக்கும் நடுவே எத்தனை பாக்கெட் விழலாம் என்பது சி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதியிலிருந்து கொத்துக்கறிக்கான வரியை உதாரணமாகக் காட்டுகிறேன்: என் 5, சி 2, சின்ன எம் கிராமுக்கு 5 லட்சம், பெரிய எம் 50 லட்சம். ஐந்து பாக்கெட்டில் 2 லட்சம், 3 லட்சம், 4 லட்சம், 7 லட்சம், 12 லட்சம் என்று வந்தால் தேறியது. இரண்டுதான் நடுவில் இருக்கின்றன. அந்த 4 லட்சம் 6 லட்சமாக இருந்திருந்தால் தேறாது. மற்ற நான்கும் சுத்தமாக இருந்து ஒன்று மட்டும் 60 லட்சம் என்றாலும் தேறாது. ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பி "வரம்புக்குள்" என்று வாங்கும் ரிப்போர்ட் இந்த வகை விதியில் எதையும் நிரூபிக்காது.

சால்மொனெல்லாவுக்கு இரண்டு எம் கிடையாது. 25 கிராமில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்; சி பூஜ்யம். இதன் வலிமை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பேட்ச்சில் பத்தில் ஒரு பாக்கெட்டில் கிருமி இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து பாக்கெட் எடுத்தால் ஐந்துமே நெகட்டிவ் வர வாய்ப்பு 59 சதவீதம். நூற்றில் ஒன்றில் இருந்தால் 95 சதவீதம் நெகட்டிவ்தான் வரும். இருபதில் ஒன்று என்ற அளவு அசுத்தத்தை 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமென்றால் 60 பாக்கெட் உடைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்காரருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். "பேட்ச் ரிப்போர்ட்" என்ற தாளை மட்டும் வைத்து அவர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

எடுக்கும் ஐந்தையும் ஒரே கிரேட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஓட்டத்தின் தொடக்கம், நடு, கடைசி, சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஓடிய முதல் பாக்கெட், மெஷின் நின்று மறுபடி ஓடியபோது வந்தது. குறை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

---

வேக்குவம்_சீல்

சாசேஜ் பத்தி நான் சொல்றேங்க. உங்க மூணு சரக்குல ஆபத்தானது பச்சை சிக்கன் இல்ல, இதுதான். பச்சை சிக்கனை வாங்கறவங்க எப்படியும் வேகவைப்பாங்க. சாசேஜை பாதிப் பேர் அப்படியே வாயில போடுவாங்க, இல்லைன்னா தோசைக்கல்லுல ஒரு புரட்டு.

வேகவைக்கறப்ப நடுப்பகுதி 70 டிகிரியில 2 நிமிஷம் நின்னாலே லிஸ்டீரியாங்கற, குளிர்லயும் வளர்ற நோய்க்கிருமி பத்து லட்சத்துல ஒண்ணா குறைஞ்சிடும். 72–75 வரைக்கும் கொண்டு போயிட்டா அங்க பிரச்சனை முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் வம்பு. தோலுரிக்கறது, கையால எடுத்து அடுக்கறது, வேக்குவம் மெஷின். வெந்த கறி மேல வெளியில இருந்து ஒட்டற லிஸ்டீரியா, போட்டியே இல்லாம, 4 டிகிரியில மெதுவா பெருகும். 21 நாள் அதுக்கு தாராளம். தென்னாப்பிரிக்காவுல 2017–18-ல போலோனின்னு ஒரு வெந்த இறைச்சி உருளையால ஆயிரம் பேருக்கு மேல நோய் வந்து 200 பேருக்கு மேல செத்தாங்க. நம்ம சாசேஜோட அண்ணன் தம்பி சரக்குதான் அது.

அதனால சாசேஜுக்கு லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ், 25 கிராம், 5 பாக்கெட். லேபுக்கு அனுப்பற கடிதத்துல ஒரு வரி எழுதுங்க: "மேற்பரப்பும் பாக்கெட்டுக்குள்ள இருக்கற நீரும் சேர்த்து எடுக்கவும்". நடுவுல வெட்டி 25 கிராம் எடுத்தா வெந்து செத்த இடத்தைத்தான் டெஸ்ட் பண்றாங்க. கிருமி இருக்கறது வெளித்தோல்லயும் அந்தத் தண்ணியிலயும்.

அதைவிட முக்கியம் ஸ்வாப், அதாவது மெஷின், தரை மேல தேய்ச்சு எடுக்கற சாம்பிள். பாக்கெட்டை டெஸ்ட் பண்றதுக்கு ஆகற காசுல பாதியை இங்க போடுங்க. எங்க தேய்க்கணும்னா: தோலுரிக்கற பிளேடோட உறை, வேக்குவம் மெஷினோட ரப்பர் கேஸ்கெட், கன்வேயர் உருளைக்குள்ள இருக்கற பொந்து, குளிரறை ஃபேனுக்குக் கீழ சொட்டற தட்டு, கதவு ரப்பர், டிராலி சக்கரம், தரை வடிகால். கழுவி முடிச்ச கையோட எடுத்தா எப்பவும் நெகட்டிவ்தான். வேலை ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரமாவது ஓடினதுக்கு அப்புறம் எடுங்க, அதிர்ற மெஷின் பொந்துக்குள்ள இருக்கறதை வெளிய தள்ளியிருக்கும். சின்னப் பஞ்சுக்குச்சி பத்தாது, ஸ்பாஞ்ச் வேணும், பரப்பு 1000 சதுர சென்டிமீட்டருக்கு மேல, அதாவது பக்கத்துக்கு முக்கால் முழம் இருக்கற சதுரம். குளோரினும் குவாட்டும் (குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினி) போட்டுக் கழுவற இடம்னா நியூட்ரலைசிங் பிராத்துல நனைச்ச ஸ்பாஞ்ச் கேளுங்க. லெசித்தினும் ட்வீன் 80-ம் குவாட்டை அடக்கும், தயோசல்பேட் குளோரினை அடக்கும். அது இல்லைன்னா ஸ்பாஞ்சுக்குள்ளயே மருந்து கிருமியைக் கொன்னுட்டு நெகட்டிவ் காட்டும்.

ஸ்வாப்ல மோனோசைட்டோஜீன்ஸ் மட்டும் கேக்காதீங்க, "லிஸ்டீரியா எந்த இனமானாலும்"னு கேளுங்க. பொதுவா நோய் தராத இன்னோகுவா இனம் வந்தாக்கூட, லிஸ்டீரியா குடியிருக்க ஈரமான பொந்து ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்.

அடுத்தது ஆறவைக்கறது. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸோட ஸ்போர் வேகறப்ப சாகாது. 43–46 டிகிரியில பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெட்டிப்பாகும். அமெரிக்க வேளாண் துறை வழிகாட்டுல 54.4-ல இருந்து 26.7-க்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து 4.4-க்கு 5 மணி நேரம். சாசேஜ் மெலிசு, குச்சியில தொங்கவிட்டு ஷவர் அடிச்சா அரை மணியில இறங்கிடும். ஆனா இடமில்லைன்னு 20 கிலோ கிரேட்ல குவிச்சு குளிரறையில தள்ளினா நடுவுல நாலு மணி நேரம் கழிச்சும் கை சுடும். தெர்மாமீட்டர் குத்த வேண்டியது அந்த நடுவுல, மேல இருக்கற சாசேஜ்ல இல்ல.

பெர்ஃப்ரிஞ்சன்ஸ் டெஸ்டுக்கு சாம்பிளை உறையவச்சு அனுப்பாதீங்க. உறைஞ்சா அதுதான் முதல்ல சாகும், ரிப்போர்ட் அழகா வரும்.

பிடிச்சு வைக்கறது பத்திக் கேட்டீங்க. சாசேஜைப் பிடிச்சு வையுங்க. லிஸ்டீரியா நெகட்டிவ்னு சொல்ல வழக்கமான முறையில 4–5 நாள் ஆகும், பி.சி.ஆர். (கிருமியோட டி.என்.ஏ.வைத் தேடற டெஸ்ட்) போட்டா மறுநாள் சாயந்தரம், இல்லைன்னா ரெண்டாம் நாள். 21 நாள்ல 5 நாள் கழிஞ்சா வலிக்கும், அதுக்கு பி.சி.ஆர். காசு தேவலை. பச்சை மசாலா சிக்கன் மைனஸ் 18-ல இருக்கறது, அதைப் பிடிச்சு வைக்கறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல. இடம்தான் வேணும்.

---

பெப்டோன்

மசாலா சிக்கனில் பொய் நெகட்டிவ் வர நிறைய வழி உண்டு. மேலே யாரும் தொடாததால் சொல்கிறேன்.

சால்மொனெல்லா முறையில் (ஐ.எஸ்.ஓ. 6579-1, நம் இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 5887) முதல் படி: 25 கிராம் சாம்பிள், 225 மில்லி பஃபர்ட் பெப்டோன் வாட்டர் (கிருமி வளர்ப்புத் திரவம்), 37 டிகிரி, ஏறத்தாழ 18 மணி நேரம். உறைந்து அடிபட்ட கிருமி தேறி எழுந்து நிற்பதற்கான படி அது. அதில் உங்கள் எலுமிச்சையும் தயிரும் கலந்து பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் கிருமி எழாது. கலக்கியபின் பி.எச். அளந்து 7-க்குத் திருத்துகிறீர்களா என்று லேபைக் கேளுங்கள். மீட்டர் முக்கிப் பார்க்கும் வேலை, இரண்டு நிமிடம்.

பட்டை, கிராம்பு, பூண்டு, வெங்காயம் நான்கும் கிருமியை அடக்கும். வெறும் கிராம்புத் தூளைச் சோதிக்கும்போது பத்துக்கு ஒன்று பதிலாக ஆயிரத்துக்கு ஒன்று கரைக்கிறோம். பூண்டு, வெங்காயத் தூளுக்குப் பொட்டாசியம் சல்ஃபைட் லிட்டருக்கு 5 கிராம் சேர்க்கிறோம். கறியில் தடவிய அளவுக்கு இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். அதை ஊகிக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை காசு கொடுத்து "ஸ்பைக்" சோதனை கேளுங்கள்: உங்கள் மசாலா சிக்கனில் லேபே பத்துக்கும் குறைவான சால்மொனெல்லா செல்களைச் சேர்த்து, அதே முறையில் மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. மீளவில்லை என்றால் இதுவரை வாங்கிய நெகட்டிவ் ரிப்போர்ட் எல்லாம் கிராம்பின் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ்.

மீதிப் படிகள் லேப் பார்த்துக்கொள்ளும். முதல் படித் திரவத்திலிருந்து 0.1 மில்லி ஆர்.வி.எஸ். என்ற வளர்ப்புக் குழம்புக்கு 41.5 டிகிரியில், 1 மில்லி எம்.கே.டி.டி.என். குழம்புக்கு 37-இல், மறுநாள் எக்ஸ்.எல்.டி. தட்டில் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்புக் காலனி. கறுப்புப் பொட்டு தெரிந்தாலே பாசிட்டிவ் அல்ல. புரோட்டியஸும் சிட்ரோபாக்டரும் அதே வேஷம் போடும். உயிர்வேதிச் சோதனையும் சீரம் சோதனையும் முடிந்த பிறகுதான் பெயர் சொல்ல முடியும். அதனால்தான் நெகட்டிவ் நாலாம் நாளில் வந்துவிடும், பாசிட்டிவ் ஒரு வாரம் இழுக்கும். நாலாம் நாள் லேபிலிருந்து சத்தமே இல்லை என்றால் போன் போட்டுக் கேளுங்கள். "உறுதிப்படுத்திக்கொண்டு இருக்கிறோம்" என்று பதில் வந்தால் லாரியில் ஏற்றாதீர்கள்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி: சால்மொனெல்லாவுக்கு ஐந்து 25 கிராமையும் சேர்த்து 125 கிராம், 1125 மில்லி பெப்டோன் வாட்டரில் ஒரே டெஸ்டாக ஓட்டலாம். இவ்வளவு கனமான அளவுக்கு பெப்டோன் வாட்டரை முன்கூட்டியே 37-க்குச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த குழம்பில் உறைந்த கறியைப் போட்டால் இன்குபேட்டரில் பாதி ராத்திரி சூடேறுவதிலேயே போய்விடும். லேப் அந்தக் கூட்டு முறையைச் சரிபார்த்து வைத்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

லேப் தேர்வில் ஒன்றே ஒன்று: என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) முத்திரை இருந்தால் போதாது, அதன் அங்கீகாரப் பட்டியலில் "இறைச்சி, இறைச்சிப் பொருட்கள்" என்ற வரியும் உங்களுக்கு வேண்டிய கிருமியும் இருக்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு கறி ரிப்போர்ட் கொடுத்தால் அந்த முத்திரை அந்தத் தாளுக்குப் பொருந்தாது.

---

வெயில்_கண்டம்

உப்புக்கண்டத்தை எல்லாரும் மறந்துட்டீங்களே. "உப்பு போட்டது, காஞ்சது, ஒண்ணும் ஆகாது"ன்னு நினைக்கற சரக்குலதான் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஆட்டம் போடும். மத்த கிருமியெல்லாம் உப்புக்கு ஒதுங்கிடும், இதுக்கு நூத்துக்குப் பத்து உப்புங்கறது ஒரு பொருட்டே இல்ல. வாட்டர் ஆக்டிவிட்டி (கிருமிக்குக் கிடைக்கற ஈரத்தோட அளவு, சுத்தத் தண்ணிக்கு 1) 0.86-க்கு இறங்கினாலும் வளரும். வர்றது கறியிலிருந்து மட்டும் இல்ல, மஞ்சளும் உப்பும் பிசையற கை, நூல் கோக்கற கை, மூக்கைத் தொட்ட கை. கையுறை போடச் சொன்னா நூல் கோக்க வரலைன்னு கழட்டுவாங்க. அந்த இடத்துலதான் நிக்கணும்.

இதுல சூட்சுமம் என்னன்னா, கிருமி முதல் நாள் ராத்திரி பெருகி விஷத்தை விட்டுட்டு, அடுத்த மூணு நாள் வெயில்ல காய்ஞ்சு செத்துப்போகும். காஞ்ச கண்டத்தை லேபுக்கு அனுப்பினா "கிராமுக்கு 100-க்கும் குறைவு"ன்னு வரும். விஷம் அப்படியே இருக்கும், குழம்புல கொதிக்க வச்சாலும் போகாது. அதனால எண்ணிக்கைக்கான சாம்பிளை முடிஞ்ச சரக்குல மட்டும் எடுக்காதீங்க. முதல் நாள் சாயந்தரம் ஒண்ணு, ரெண்டாம் நாள் காலையில கொடியிலிருந்து இறக்கறப்ப ஒண்ணு, இருக்கறதுலயே தடிச்ச துண்டாப் பார்த்து எடுங்க. பேர்ட்-பார்க்கர் அகார், 37 டிகிரி, 48 மணி நேரம், ஆரியஸ்தானான்னு கோயாகுலேஸ் சோதனையில உறுதி. அந்த எண்ணிக்கை எந்தக் கட்டத்துலயாவது கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தொட்டா என்டரோடாக்சின் (அந்த விஷம்) டெஸ்ட் எடுக்காம அந்தப் பேட்ச்சைப் பேசவே கூடாது.

ரூம்ல வச்சு விக்கறீங்கன்னா வாட்டர் ஆக்டிவிட்டி 0.85-க்குக் கீழ வந்தாகணும். கொளுத்தற வெயில்ல மேல்தோல் சட்டுனு இறுகிப்போய் உள்ள ஈரம் மாட்டிக்கும். கடிச்சுப் பார்த்தா நறுக்குனு இருக்கும், ஒடிச்சுப் பார்த்தா நடுவுல செவப்பா பசை மாதிரி மினுங்கும். மீட்டர்ல வைக்கற சாம்பிள் அந்த நடுப்பகுதிதான், பொடியா நறுக்கி, கிண்ணம் பாதி வரைக்கும், 25 டிகிரியில. விரல் தடிமனுக்கு வெட்டறதை நிறுத்திட்டு ஒரு சென்டிமீட்டருக்குள்ள வெட்டினாலே பாதி பிரச்சனை ஓடிடும். மாலையில கொடியோட கொண்டுபோய் மூடின ரூம்ல தொங்கவிடறதும் தப்பு, 30 டிகிரியில ஈரக்கறி 12 மணி நேரம். ராத்திரி குளிரறையில ஃபேன் காத்துல விடுங்க.

சால்மொனெல்லா காஞ்சதுல வளராது, ஆனா மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். லேப்ல காஞ்ச கண்டத்தை பெப்டோன் வாட்டர்ல போட்ட உடனே அடிச்சுக் கலக்கினா அந்தத் திடீர் தண்ணியிலயே கிருமி வெடிச்சுடும். கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஒரு மணி நேரம் ஊறவிடச் சொல்லுங்க.

---

பல்லடம்_குளிர்கறி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஸ்பைக் டெஸ்ட் விஷயம் இதுவரைக்கும் எந்த லேபும் சொன்னதில்லை.

இன்னும் மூணு. மசாலா சிக்கன்ல அஞ்சுல ஒண்ணு சால்மொனெல்லா பாசிட்டிவ் வந்தா, மறுபடி அஞ்சு பாக்கெட் அனுப்பி நெகட்டிவ் வாங்கினா விடலாமா? யூனிட்லயே ஒரு மூலையில சின்ன லேப் போட்டா பேட்ச் செலவு குறையுமா? பாக்கெட்டை கோயம்புத்தூருக்கு எப்படிப் பேக் பண்ணி அனுப்பறது, ஐஸ் போட்டா போதுமா?

---

அகார்_தட்டு

மறுபடி அனுப்பி நெகட்டிவ் வாங்கி விடக் கூடாது. மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்கள்: பத்தில் ஒன்றில் கிருமி இருக்கும் பேட்ச்சில் அடுத்த ஐந்தும் நெகட்டிவ் வர 59 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது ரிப்போர்ட் முதலாவதைப் பொய்யாக்காது. லேபில் தவறு நடந்ததற்கு ஆதாரம் இருந்தால், உதாரணமாகச் சாம்பிளே இல்லாத கட்டுப்பாட்டுக் குழாயிலும் கிருமி வளர்ந்திருந்தால், அப்போது மட்டும் பேசலாம்.

பச்சை இறைச்சி என்பதால் உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பேட்ச்சை முழுவதுமாக வேகவைத்து, நடுப்பகுதி 74 டிகிரி தொட்டதைப் பதிவுசெய்து, வேறு பொருளாக மாற்றலாம். உருக்கும் இடம், வெட்டும் பலகை, சொட்டும் நீர் எதுவும் வெந்த பக்கத்தைத் தொடக் கூடாது. முடியாதென்றால் அழிப்பதுதான். உறையவைத்தே வைத்திருந்தால் செத்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். மைனஸ் 18-இல் எண்ணிக்கை குறையும், ஒழியாது.

எவ்வளவு சரக்கு பாதிப்பு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தேதி மாறினால் பேட்ச் மாறிவிடாது. ஒரு முழுச் சுத்தம், கிருமிநீக்கம் முடிந்ததிலிருந்து அடுத்தது வரை ஒரே பேட்ச். திங்கள் ராத்திரி மசாலா புரட்டும் டம்ளர் மெஷினை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுச் செவ்வாய் ஓட்டியிருந்தால், திங்கள் பாசிட்டிவுக்குச் செவ்வாயும் மாட்டும். மிஞ்சிய மசாலாக் குழம்பை மறுநாள் பேட்ச்சில் ஊற்றும் பழக்கம் இருந்தால் கணக்குக்கு முடிவே இல்லை. அதை இன்றே நிறுத்துங்கள்.

பேக்கிங். பாக்கெட் ஒவ்வொன்றும் 250 கிராமுக்குக் குறையாமல், சீல் பிரிக்காமல். தளர்ந்த ஐஸ் கட்டி வேண்டாம். உருகிய நீர் சீல் இடுக்கில் நுழைந்தால் நீங்கள் சோதிப்பது ஐஸ் கம்பெனியின் தண்ணீர். தெர்மோகோல் பெட்டி, அடியிலும் மேலும் உறைந்த ஜெல் பேக். சாசேஜுக்கு ஜெல் பேக்குக்கும் பாக்கெட்டுக்கும் நடுவே அட்டை வையுங்கள். நேராகத் தொட்டால் ஓரம் உறைந்து எண்ணிக்கை குறையும். குளிர்ச் சரக்கு 1–8 டிகிரிக்குள் போய்ச் சேர வேண்டும், உறைந்தது மைனஸ் 15-ஐத் தாண்டி உருகக் கூடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் ஏதாவது ஒன்று கெடும். ஒரு சின்ன பாட்டிலில் குளிர்ந்த தண்ணீர் சேர்த்து வையுங்கள். லேபில் அதைத் திறந்து வெப்பம் அளந்து ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். வெப்பம் எழுதாத ரிப்போர்ட்டை வைத்து நாளைக்கு யாரோடும் வாதாட முடியாது.

---

வேக்குவம்_சீல்

யூனிட்ல லேப் போடறதுக்கு என்னோட பதில்: எண்ணிக்கைக்கு மட்டும் போடுங்க. மொத்த எண்ணிக்கை, கோலிஃபார்ம், ஈ.கோலை இதுக்கெல்லாம் பெட்ரிஃபிலிம் மாதிரி ரெடிமேட் தகடு வந்திருக்கு, ஒரு இன்குபேட்டர், ஒரு தராசு, பைப்பெட் போதும். முடிஞ்ச தகட்டை ஆட்டோகிளேவ்ல 121 டிகிரியில அரை மணி நேரம் வச்சுட்டுத்தான் குப்பைக்குப் போடணும்.

சால்மொனெல்லாவும் லிஸ்டீரியாவும் கறி வெட்டற கூரைக்கு அடியில வளர்க்காதீங்க. என்ரிச்மென்ட் பாட்டில்ல, அதாவது கிருமியைப் பெருக்கற பாட்டில்ல, ஒரு மில்லியில கோடிக்கணக்கா இருக்கும். அது ஒரு சொட்டு செருப்புல ஒட்டினா நீங்க தேடற கிருமியை நீங்களே பேக்கிங் ரூமுக்குக் கொண்டுபோய் விட்டீங்க. அதுக்குத் தனிக் கட்டடம், தனி ஆள் வேணும். 150 கிலோ யூனிட்டுக்குக் கட்டாது.

ஏ.டி.பி. (உயிர்ச்செல்லுல இருக்கற ஒரு வேதிப்பொருள்) அளக்கற ஸ்வாப் மீட்டர் வாங்கச் சொல்லி ஆள் வருவாங்க. கழுவினது சுத்தமான்னு பத்து செகண்டுல சொல்லும், நல்ல சாமான்தான். ஆனா அது எண்ணறது கறித்துணுக்கையும் கிருமியையும் சேர்த்து. அதுல பாஸ் ஆனா லிஸ்டீரியா இல்லைன்னு அர்த்தமில்ல.

சூப்பர் மார்க்கெட்கிட்ட நான் இப்படித்தான் பேசுவேன்: சாசேஜ் தொடர்ந்து பத்துப் பதினஞ்சு பேட்ச்சுக்கு லிஸ்டீரியா பிடிச்சு வச்சு டெஸ்ட். அதோட வாரம் ஒருக்கா எட்டு இடத்துல ஸ்வாப். அது சுத்தமா ஓடினா பேட்ச் டெஸ்டை வாரம் ஒண்ணாக் குறைக்கலாம். ஸ்வாப் ஒண்ணு பாசிட்டிவ் வந்தா அன்னைக்கே மறுபடி பேட்ச் வாரியா. கூடவே சமையல், ஆறவைக்கற வெப்பப் பதிவு நகல். பெரும்பாலான கொள்முதல்காரங்க இதை ஏத்துக்குவாங்க, அவங்க ஆடிட்டருக்கும் இது புரியும்.

அந்த 21 நாளை எதை வச்சு போட்டீங்கன்னு நீங்க சொல்லலை. கடை ஃப்ரிட்ஜ் 4-ல ஓடறதில்ல, 8-ல ஓடும். ஒரு பேட்ச்சுல 15 பாக்கெட் ஒதுக்கி, மொதல் ஒரு வாரம் 4-ல, மீதி 8-ல வச்சு 7, 14, 21-ஆம் நாள் அஞ்சஞ்சா உடைங்க. 21-ல மொத்த எண்ணிக்கை கோடியைத் தொட்டா பயப்படாதீங்க, வேக்குவத்துக்குள்ள லாக்டிக் பாக்டீரியா அப்படித்தான் ஏறும். உள்ள தண்ணி பால் மாதிரி வெளுத்து, புளிச்ச வாடை அடிச்சா நாள் ஜாஸ்தி போட்டுட்டீங்க.

---

பெப்டோன்

கூட்டுச் சாம்பிள் பற்றி நான் எழுதியதை யாரும் எண்ணிக்கைக்கும் நீட்டிவிடாதீர்கள், தனிச்செய்தியில் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தார். சேர்த்து ஓட்டுவது "இருக்கிறதா, இல்லையா" வகைச் சோதனைக்கு மட்டும். ஐந்து பாக்கெட்டைக் கலந்து ஈ.கோலை எண்ணினால் சராசரிதான் வரும். பெரிய எம்மைத் தாண்டிய ஒரு பாக்கெட் மற்ற நாலுக்குள் மறைந்துபோகும். ஈ.கோலை, ஸ்டாஃப், பெர்ஃப்ரிஞ்சன்ஸ் மூன்றும் பாக்கெட் பாக்கெட்டாக.

அனுப்பும் நாள் திங்கள் அல்லது செவ்வாய். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்த பெட்டி சனி, ஞாயிறு லேபின் வராண்டாவில் கிடக்கும். வாங்கிய 24 மணி நேரத்துக்குள் டெஸ்ட் தொடங்கியதா என்பதை ரிப்போர்ட்டின் "பெற்ற தேதி", "தொடங்கிய தேதி" இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்ச் சாம்பிளில் மூன்று நாள் இடைவெளி தெரிந்தால் அந்த மொத்த எண்ணிக்கை அவர்கள் ஃப்ரிட்ஜுடையது.